மேடையேறிய அவையோர்

நடிப்போர் நடிக்க, காண்போர் கண்டு களித்துக் கலைவதே நாடக வழக்கு. அவ்வழக்கை உடைத்தோருள் முதன்மையானவர் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால். 1971இல் படைத்துறை ஆட்சியால் சிறைப்பட்டுப் பின் நாடு நீங்கிய அவர், 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணிபுரிந்தார். கதையைச் சிக்கலில் நிறுத்தி, இனி என் செய்வது என அவையோரை வினவுவார். அவர்கள் சொன்னதை நடிகர் நடித்துக் காட்டுவர்.

ஒருமுறை, எழுத்தறியாத மனைவியை ஏமாற்றிய கணவன் கதை. வீடு கட்டவெனப் பணம் பெற்றவன், பற்றுச்சீட்டென்று அவளிடம் கொடுத்தவை பிறிதொருத்தியின் காதற்கடிதங்கள்! மனைவி அவனோடு தெளிவாகப் பேசவேண்டும் என்றாள் அவையிலிருந்த மாது ஒருத்தி. நடிகை பன்முறை நடித்தும் அவளுக்கு நிறைவில்லை. நீங்களே வாருங்கள் என்றார் போவால். மேடையேறியவள் துடைப்பத்தால் கணவன் வேடதாரியை மொத்தினாள்; அவள் கருதிய 'தெளிவு' அதுவே! (அந்நடிகர்பால் நமக்கு இரக்கமே.) காண்போரே நடிகரை விலக்கி நடிக்கும் மன்ற அரங்கு இவ்வாறு பிறந்தது.

நம் நாட்டில், 1985இல் வங்கத்தில் தோன்றிய ஜன சம்ஸ்கிருதி குழு இம்முறையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. 1993 முதல் 1996 வரை ரியோ நகர்மன்ற உறுப்பினராயிருந்த போவால், இத்தகைய நாடகங்களின் வழியே 13 சட்டங்கள் நிறைவேறச் செய்தார். கோப்புகளோடு வாழும் நமக்கு இது பெருவியப்பு.

2020இல் பெருந்தொற்று அரங்குகளை மூடவே, நாடகங்கள் இணையவழி நேரலையாயின. நம்மைப்போல் ஊர்விட்டு வாழ்வோரும் அவையில் அமர வழி பிறந்தது. ஆயினும் நாம் எழுதியனுப்பும் யோசனையை நடிகர் நடிப்பது, அம்மாது மேடையேறுமுன் இருந்த நிலையேயாகும். காண்போரைத் தம் வீட்டுக் கேமராவின்முன் வேடமேற்கச் செய்த குழுக்களும் உண்டு. அவை அவள் வழிச் சென்றன எனலாம். துடைப்பத்தின் வீச்சு மட்டும் ஆங்கு எட்டாது.