பல் கறை முதல் எக்ஸ், ஒய் குரோமோசோம் வரை... மொபைலிலேயே படிக்கலாம் மனித உடலை!

தருமபுரி பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது சிலர் வாயை மூடியபடியே சிரிப்பார்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கும். "ஒழுங்கா பல்லு தேய்க்கிறதில்ல போல" என்று யாராவது கிண்டல் வேறு அடிப்பார்கள்.

பெரும்பாலும் தப்பு பிரஷ்ஷில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவது சுமார் 8 வயது வரைதான். அந்த வயதில் அதிக ஃபுளோரைடு உடம்புக்குள் போனால், எனாமல் உருவாகும்போதே பாதிக்கப்படுகிறது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. ஜப்பான் நிதியுதவியுடன் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணமே இந்தப் பாதிப்புதான்.

"சரி, தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா போச்சு" என்கிறீர்களா? அங்கேதான் தவறுகிறோம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டாம். அறிமுக நிலை மனித உயிரியல் பாடம் ஒன்று போதும். அதை வீட்டிலிருந்தே, பெரும்பாலும் காசு செலவில்லாமல் படிக்கலாம்.

எங்கே படிப்பது?

ஸ்வயம்: மத்திய அரசு 2017-ல் தொடங்கிய இணையதளம். பாடம் படிக்க இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் கட்டணம். பொதுவாக ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பாடங்கள் தொடங்கும். ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் நடத்தும் என்.பி.டி.இ.எல் பாடங்களும் இதில் கிடைக்கும். உடலியல், உயிரியல் என்று இரண்டு சொற்களையும் போட்டுத் தேடுங்கள்.

கோர்ஸ்எரா: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தரும் அறிமுக மனித உடலியல் பாடம் இங்கே பிரபலம். கார்டு நம்பர் கொடுப்பதற்கு முன், எந்தப் பகுதி இலவசம் என்று பார்த்துவிடுங்கள்.

ஓப்பன்ஸ்டாக்ஸ்: உடற்கூறியலும் உடலியலும் சேர்ந்த முழுக் கல்லூரிப் பாடநூலை இலவசமாகத் தருகிறது அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம். இதை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் வத்தல்மலையில் சிக்னல் போனாலும் படிப்பு நிற்காது.

யூடியூப்: கிராஷ் கோர்ஸ் சேனலின் உடற்கூறியல் தொடரில் 47 வீடியோக்கள் உள்ளன. வேகமாகப் பேசுவார்கள். ஸ்பீடைக் குறைத்து, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

இங்கிலீஷ்தான் பயமா?

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பலரும் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். ஒரு வழி இருக்கிறது. தமிழக அரசின் 11-ம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தை பி.டி.எஃப்-ஆக இறக்கிக்கொள்ளுங்கள். செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்பு, ஹார்மோன் என முக்கியமான எல்லாமே அதில் பாடம் பாடமாக இருக்கிறது. இனப்பெருக்கமும் மரபியலும் 12-ம் வகுப்புப் புத்தகத்தில் வரும். முதலில் தமிழில் அந்தப் பாடத்தைப் படியுங்கள். அடுத்த நாள் இங்கிலீஷ் வீடியோவைப் பாருங்கள். கதை தெரிந்த படம் மாதிரி ஆகிவிடும்!

8 வாரம், 8 கேள்வி

பலரும் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவதற்குக் காரணம், படிப்பதற்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரிவதுதான். அதனால் வாரத்துக்கு ஒரு தலைப்பும், வீட்டிலிருந்து ஒரு கேள்வியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் 1, செல்லும் திசுவும்: புண் ஆறும்போது புதுத் தோல் எங்கிருந்து வருகிறது?

வாரம் 2, எலும்பும் பல்லும்: தம்பி, தங்கைக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கிறோம்?

வாரம் 3, செரிமானம்: களியை மெல்லாமல் விழுங்குகிறோமே, மாவுச்சத்து எங்கே செரிக்கிறது? எச்சிலுக்கு வேலை குறைவு. பெரும்பகுதி வேலை சிறுகுடலில், கணைய நொதியால் நடக்கிறது.

வாரம் 4, ரத்தமும் இதயமும்: அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு? கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ரத்தச் சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள் என்பதால், மாத்திரையை 10 நாளில் நிறுத்தினால் ஏன் போதாது என்பதும் புரியும்.

வாரம் 5, நுரையீரலும் சிறுநீரகமும்: வெயிலில் வேலை செய்தால் சிறுநீர் ஏன் அடர் மஞ்சளாகிறது?

வாரம் 6, நரம்பு: சூடு பட்டதும், வலி தெரிவதற்கு முன்பே கை எப்படி விலகுகிறது?

வாரம் 7, ஹார்மோன்: தாத்தாவுக்குச் சர்க்கரை என்றால் உடம்புக்குள் எது சரியாக வேலை செய்யவில்லை?

எட்டாவது வாரக் கேள்வி கொஞ்சம் கனமானது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

சான்றிதழ் எதற்கு உதவும்?

கல்லூரியில் படிப்பவர்கள், ஸ்வயம் பாடத்தின் கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நர்ஸிங், லேப் டெக்னீஷியன் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது நல்ல வெள்ளோட்டம். ஆனால், இந்தச் சான்றிதழை வைத்து யாருக்கும் ஊசி போட முடியாது, மருந்து சொல்லவும் முடியாது. "ஆன்லைன்லயே முடிச்சா ஹாஸ்பிட்டல் வேலை கன்ஃபார்ம்" என்று பணம் கேட்டால், உஷார்!

அந்த எட்டாவது கேள்வி

இனப்பெருக்கமும் மரபியலும். குழந்தை ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது? தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டுமே. தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். அதைத் தாயும் முடிவு செய்வதில்லை, தந்தையும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

பாடப் புத்தகத்தில் இது நாலே வரி. ஆனால், பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதையும், பின்னர் அது தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். "மறுபடியும் பொண்ணா பெத்துட்டா" என்ற பழியை எத்தனை மருமகள்கள் சுமந்திருப்பார்கள்?

கோர்ஸை முடித்ததும் சான்றிதழை ஸ்டேட்டஸில் போடுங்கள், தப்பில்லை. அடுத்த முறை வீட்டு விசேஷத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், இந்த நாலு வரியைப் பக்குவமாகச் சொல்லுங்கள். நீங்கள் படித்த பாடத்துக்கு உண்மையான பரீட்சை அதுதான்!