சென்னைச் சுண்ணாம்புச் சாந்து
சென்னைச் சுண்ணாம்புச் சாந்து என்பது வெல்லம், கடுக்காய், பயறு ஆகியவற்றின் நீர் சேர்த்து மதராசில் தயாரிக்கப்பட்ட கட்டுமானச் சாந்து ஆகும். செயின்ட் எலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக் எழுதிய இதன் செய்முறை, இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் 1732-இல் வெளியானது.

அதன்படி, 15 புசல் சுண்ணாம்பு, அதே அளவு மணலுடன் முதலில் வெறும் நீரில் நீற்றப்பட்டு 2 அல்லது 3 நாட்கள் வைக்கப்பட்டது. பின்னரே 20 பவுண்டு வெல்லம் கரைத்த நீர் தெளித்து அடிக்கப்பட்டது. கடுக்காயும் பயறும் வேகவைத்த நீர் அதன்பின் சேர்க்கப்பட்டது.

சுட்ட சுண்ணாம்பு நீற்றும்போது வெப்பம் உமிழ்ந்து கால்சியம் ஐதராக்சைடாகிறது. வெல்லத்திலுள்ள சர்க்கரை அதன் கரைதிறனைக் கூட்டி, சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. அளவு மிஞ்சினால் சாந்து வலுவிழக்கும்.

சுண்ணாம்பால் கட்டிய பழைய சுவர்களில் சிமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிச் செங்கல் சிதைகிறது. எனவே சீரமைப்புப் பணிகளுக்கு இத்தகைய செய்முறைகள் இன்றும் தேவைப்படுகின்றன.