கொடிமலைக்கு ஏறிய வழிகள்



தமிழகத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரைப் பள்ளி விடுமுறையில் கொடிமலைக்கு அழைத்துச் சென்றேன். வாடகைக் காரில் செல்லலாம் என்றார். நானோ, துறைமுக முனையத்தில் 204ஆம் எண் பேருந்தில் ஏற்றினேன். சில்லறை மீதி தரமாட்டார்கள் என்பதால் சரியான கட்டணத்தைக் கையில் வைத்துக்கொள்ளும்படி முன்பே சொல்லியிருந்தேன்.

அந்தப் பேருந்து செல்லும் பாதைக்கு வயது அதிகம். 1906இல் மின்சார டிராம் வண்டிகள் துறைமுகத்தையும் ஆயர் ஈத்தாமையும் இணைத்தன. 1936இல் டிராம் நின்றது. மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடிய டிராலி பேருந்துகள் 1961 வரை நீடித்தன. இன்று அந்த நகரப் போக்குவரத்தை 2007இல் தொடங்கிய ரேப்பிட் பினாங்கு நடத்துகிறது.

மலையடிவாரத்திற்கு மேல்தான் கதை சுவையாகிறது. மலை இரயிலுக்கான முதல் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல்வியில் முடிந்தது. பின்னர் ஸ்விட்சர்லாந்து முறையைப் பின்பற்றி அமைக்கப்பட்ட இருப்புப்பாதை 1924 ஜனவரி முதல் நாளில் முறைப்படி திறக்கப்பட்டது. ஏறுவோர் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும்; பயணம் அரைமணி நேரம் பிடிக்கும். 2010இல் அது நிறுத்தப்பட்டு, 2011இல் மாறாமல் நேரே ஏறும் புதிய வண்டி வந்தது. சில நிமிடங்களில் உச்சியை அடைந்துவிடுகிறோம். (பழைய வண்டியின் தாமதம் எனக்கு இன்னும் பிடிக்கும்.)

இரயிலுக்கு முன்? குளிர்காற்றை நாடி வந்த வெள்ளையரும் செல்வரும் நடந்தும், குதிரையிலும், டோலியிலும் ஏறினர். டோலி என்பது கழிகளில் பிணைத்த நாற்காலி. அதைத் தோளில் சுமந்தவர்களுள் நம்மவரும் உண்டு. உச்சியிலுள்ள அருளொளி திருமுருகன் ஆலயமே இதற்குச் சான்று. இந்தியச் சிப்பாய்களும் டோலி சுமப்பவர்களும் வழிபட, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு சன்னிதியாகத் தோன்றியது அது.

மாணவர்களிடம் கொடிமலையைப் பற்றிக் கேட்டால் ஸ்விட்சர்லாந்தைச் சொல்கிறார்கள். டோலியைச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. பாடநூலைக் குறைகூறிப் பயனில்லை. நாமும் சொல்லித் தரவில்லையே! அடுத்த சுற்றுலாவில் பிள்ளைகளைக் காட்சி மேடையோடு திருப்பி அழைத்து வந்துவிடாதீர்கள். கோயில் வாசலில் நிறுத்தி, முதலில் இங்கு வழிபட்டவர்கள் யாரெனச் சொல்லுங்கள்.

அன்று பயணச்சீட்டு முகப்பில் என் உறவினரிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டார்கள். உள்ளூர்க் கட்டணத்தைவிடக் கூடுதல். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. மேலே சென்றபின் கோயில் வாசலில் டோலிக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் நின்றவர், "எந்த ஊர்க்காரர்களோ?" என்று மட்டும் கேட்டார். அவர்களுடைய பெயர்களை நான் எங்கும் கண்டதில்லை.