விசிறிக்காகப் பிறந்த வாத்தியம்

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து லீடி கம்பெனி டிரம்மும் ஸைலஃபோனும் செய்து விற்றுக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஹெர்மன் விண்டர்ஹாஃபுக்கு ஓர் ஆசை. தேவாலய ஆர்கனில் மனிதக் குரல்போல நடுங்கும் ஒரு நாதம் உண்டே, அதை உலோகப் பட்டைகளிலிருந்து எழுப்ப வேண்டும். 1916 வாக்கில் தொடங்கிய வேலை 1921-இல் கைகூடியது. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய் தொங்கும். குழாயின் வாயில் வட்டத் தகடு. தகடுகள் எல்லாம் நீளத் தண்டில் கோத்தவை. தண்டைச் சுற்ற ஒரு மோட்டார். தகடு வாயை மூடினால் ஓசை தாழும், திறந்தால் எழும். இதுதான் வைப்ரஃபோன். அதன் அலையலையான நாதம் அவ்வளவுதான், விசிறி வேலை.

சரக்கு விலைபோனதும் விசிறியால்தான். பாட்டு, கோமாளி, வித்தை எல்லாம் கலந்த வாடெவில் மேடைகளில் ‘ஸிக்னோர் ஃபிரிஸ்கோ’ என்று பெயர் போட்டுக்கொண்டவர் இதை வாசித்து, 1924-இல் இசைத்தட்டும் கொடுத்தார். புதுமைக்குக் கூட்டம் சேர்ந்தது. ஆனால் வாத்தியத்தில் பெரிய குறை ஒன்று இருந்தது: தட்டினால் நிற்காது. கோயில் மணியை விடாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் முந்தையதன் மேல் விழுந்து குழம்புமே, அந்த நிலைமை. மெதுவான மெட்டு தப்பிக்கும். வேகமாக வாசித்தால் கூழ்.

குறையைத் தீர்த்தது சிகாகோவின் போட்டிக் கம்பெனி டீகன். 1927-இல் அங்கிருந்த ஹென்றி ஷ்லூட்டர் எஃகுப் பட்டையைத் தள்ளிவிட்டு அலுமினியம் போட்டார். காலால் மிதிக்க ஒரு பெடலும் வைத்தார். மிதித்தால் நாதம் நீளும், காலை எடுத்தால் கம்பளி ஒட்டிய கட்டை பட்டைகளில் படிந்து நாதம் அறும். விண்டர்ஹாஃபுக்குத்தான் பெயர் போகிறது. என் கணக்கில் ஷ்லூட்டருக்குப் பாதிக்குமேல் பங்கு உண்டு.

1930 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவு. ஸ்டூடியோவில் இருந்த வைப்ரஃபோனை வாசிக்கச் சொல்லி டிரம்மர் லயனல் ஹாம்ப்டனை அவர் கேட்டார். ‘மெமரீஸ் ஆஃப் யூ’ பாட்டில் அது ஜாஸுக்குள் நுழைந்தது. 1936-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் நால்வர் குழுவில் ஹாம்ப்டன் சேர்ந்தபின் ஊரறிந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஹாம்ப்டன் மோட்டாரை நொடிக்குப் பத்துச் சுற்று ஓடவிட்டார். அடுத்து வந்த வைப்ரஃபோன் கலைஞர் மில்ட் ஜாக்ஸன் அதை மூன்று சொச்சத்துக்கு இறக்கிவிட, நடுக்கம் போய் மூச்சு வந்தது. அவருக்குப் பின் வந்த கேரி பர்ட்டன் மோட்டாரை அணைத்தே விட்டார். கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளைக் குறுக்கே பிடித்து, பியானோக்காரர்போல சுரக்கூட்டங்களை அடுக்கினார். அந்தப் பிடிக்கே அவர் பெயர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் 1971 முதல் பல்லாண்டு கற்பித்தார்.

இன்று வைப்ரஃபோனில் ஜாஸ் பழகுபவர் படும் பாடெல்லாம் அடிப்பதைவிட அடக்குவதில். வலது குச்சி அடுத்த பட்டையைத் தட்டும் அதே கணத்தில் இடது குச்சியின் தலை முந்தைய பட்டைமேல் மெத்தென்று உட்கார வேண்டும். அழுத்திவிட்டால் ‘டொக்’ என்று கேட்கும். தாமதித்தால் இரண்டு சுரமும் ஒட்டிக்கொள்ளும். பெடலை மொத்தமாகத் தூக்காமல் பாதியில் நிறுத்துவது இன்னொரு வித்தை. மெட்ரோநோமை இரண்டாம், நான்காம் அடிகளுக்கு மட்டும் ஒலிக்கவிட்டு மற்ற இரண்டை மனதிலே எண்ணுவார்கள்.

நம் பக்கம், மன்னார்குடியில் வைப்ரஃபோன் இசையை யாருக்காவது போட்டுக் காட்டினால் முதல் கேள்வி, ‘கமகம் எங்கே?’ சின்ன பக்கிரி நாகஸ்வரம் வாசித்த ஊர், கேட்கத்தான் செய்வார்கள். நியாயமும்கூட. பட்டையின் சுருதி பட்டறையிலேயே தீர்ந்துபோனது, கமகமே உயிரான தோடி ராகமெல்லாம் நடக்காது. கெட்டி ரப்பர் குச்சியைப் பட்டையில் கயிறு கோத்த இடத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி இழுத்தால் சுரம் இம்மி இறங்கும். பர்ட்டன் அதைச் செய்ததுண்டு. அதோடு சரி.

லயத்தில் கதை வேறு. தவிலிலிருந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்கு வந்த பக்கிரியா பிள்ளையும் மன்னார்குடிக்காரர்தான். பக்கத்து நீடாமங்கலத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். இந்தப் பக்கத்தில் சொல் வாயில் நின்ற பிறகே கைக்கு இறங்கும். ஜாஸ்காரர்களும் ஜாக்ஸனின் வாசிப்பை இசைத்தட்டோடு கூடவே பாடிப் பாடி மனனம் செய்துதான் குச்சியை எடுப்பார்கள். மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971-இலிருந்து டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் சொல்கட்டும் சொல்லிக்கொடுக்க, மேலைத் தாளக்காரர்கள் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியமில்லை.

விண்டர்ஹாஃபின் மோட்டாருக்கு என்ன ஆயிற்று என்றால், இப்போது அது இல்லாத மாதிரிகளும் கடையில் கிடைக்கின்றன, விலையும் குறைவு.