மலையேறி வந்த முன்பணம்

ஜவ்வாது மலையில் எங்கள் புதூர்நாட்டில் சாமை அறுத்துப் போரடித்து முடிக்கிற நேரம் பார்த்துத்தான் மேஸ்திரிகள் மலையேறுவார்கள். திருப்பத்தூரிலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் வந்து, தெரிந்த வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து, விடிந்ததும் வீடு வீடாகப் போவார்கள். ஒருவர் செங்கல் சூளைக்கு ஆள் கேட்பார். இன்னொருவர் குடகு காபித் தோட்டத்துக்கு. மற்றொருவர் கேரளத்தில் மிளகு பறிக்க. எத்தனை ஜோடி வரும், முன்பணம் எவ்வளவு வேண்டும் என்பதுதான் எல்லாருடைய பேச்சும். கூலிப் பேச்சு அதற்குப் பிறகு. சில வீடுகளில் அந்தப் பேச்சே எழாது.

நான் இந்த மலைக்காரன். பத்தாவது முடித்துவிட்டு அடிவாரத்துச் சூளைகளில் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் மகள், தொழிலாளிகளை உற்சாகமாக வைத்திருப்பது எப்படி என்று அங்கே மேலாளர்களுக்கு வகுப்பு நடக்கிறது என்றாள். நல்ல காரியம். அதே கேள்விக்கு நம் பக்கத்து முதலாளிகள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வைத்திருந்த பதில் முன்பணம். அது ஆளைப் பிடித்து நிறுத்தியது. வேலையில் மனசு வைக்கச் செய்யவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டத்தின் துணை இருந்தது. 1859-இல் வந்த 13-ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிய வேலைக்காரன் வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை முடி என்று உத்தரவாகும். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி தராத முதலாளிக்கு அதில் சிறை கிடையாது. 1925-இல்தான் அதை நீக்கச் சட்டம் போட்டார்கள்.

கடல் தாண்டிய நம் சனங்களுக்கும் இதே கதிதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துப் போன கங்காணிக்கு, தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்கள் என்று எண்ணித் தலைக்காசு கொடுத்தார்கள். ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் கங்காணிக்கு நஷ்டம். ஒருவர் தோட்டம் மாறவேண்டுமானால் அவர் பேரில் நிற்கும் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ ஒன்று வேண்டும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, கைதான் மாறும். 1921-இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒரு மனுசனின் விலை ஒரு காகிதத்தில் அடங்கிப்போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே 25 அக்டோபர் 1975 முதல் கொத்தடிமை முறை செல்லாது என்று ஆனது. 1976-இல் அது முழுச் சட்டமானது. அந்த முறையில் பட்ட கடன் எல்லாம் ரத்து என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பு சொன்னது. சட்டம் வந்தது. சூளை நோட்டில் அது ஏறவில்லை.

அந்த நோட்டைப் பற்றி எனக்குத் தெரியும். ஜோடி ஜோடியாகத்தான் பேர் எழுதுவோம். பேர் என்றால் புருஷன் பேர் மட்டும். மண்ணை முந்தின சாயங்காலமே நனைத்துப் புரட்டி வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுப்பார்கள். மனைவி மண்ணை உருட்டி உருட்டித் தள்ள, புருஷன் குத்துக்காலிட்டு அச்சில் அடித்துக் கவிழ்த்துக்கொண்டே பின்னால் நகர்வான். வெயில் ஏறும்போது இருவர் முழங்கையிலும் மண் காய்ந்து வெடித்திருக்கும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. சனிக்கிழமை கொடுப்பது முழுக் கூலி அல்ல, அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆகிற ‘செலவு’ மட்டும். மீதி முன்பணத்தில் கழியும். எவ்வளவு கழிந்தது என்று அறுத்தவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நோட்டு ஆபீஸ் பெட்டிக்குள். மழையில் கரைந்த பச்சைக்கல், முனை உடைந்த கல் எல்லாம் எண்ணிக்கையில் கழிந்துபோகும். ஆனியில் வேலை முடிந்து கணக்குப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிதான் அடுத்த வருஷத்து முன்பணம்.

அப்படிப்பட்ட ஒரு சூளையில் ஒரு நாள் நடுராத்திரி மேகம் கூடியது. கல் பரப்பியிருந்த களத்தில் ஓலை போட்டு மூட ஒருவரும் எழவில்லை. மேஸ்திரி கத்தித் தீர்த்தார். சோம்பேறிகள் என்றார். மூடினாலும் மூடாவிட்டாலும் கடைசியில் பாக்கிதான் நிற்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் எதற்காகத் தூக்கத்தை விட்டு எழுவார்கள்?

கந்திலிப் பக்கம் இன்னொரு சூளையில் இருந்தபோதுதான் வித்தியாசத்தைப் பார்த்தேன். அங்கே ஜோடிக்கு ஒரு சின்ன நோட்டு கையில் கொடுத்திருந்தார் முதலாளி. தினம் சாயங்காலம் எண்ணிக்கையை இரண்டு நோட்டிலும் எழுதவேண்டும், அவர்கள் முன்னாலேயே வாய்விட்டுப் படிக்கவேண்டும். மழையில் போன கல்லுக்குப் பாதி நஷ்டம் அவருடையது. பொங்கலுக்கு பஸ் காசு கொடுத்து மலைக்கு அனுப்பினார். போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று பக்கத்துச் சூளைக்காரர்கள் பயமுறுத்தினார்கள். ஒன்றிரண்டு பேர் வரவில்லைதான். மற்றவர்கள் வந்தார்கள், கூடவே தம்பி, மச்சான் என்று அழைத்து வந்தார்கள். அங்கே மேகம் கருத்தால் யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. கல்லின் முனை கத்தி போல நிற்கும்.

மலையில் இப்படி மனசு வைத்து உழைக்கும் பழக்கம் உண்டு. இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை என்று ஊரே இறங்கிச் சாமை அறுத்ததைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். களியும் கொள்ளுச் சாறும் கொல்லைக்காரர் பொறுப்பு. யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கணக்கை யாரும் பூட்டி வைக்கவில்லை.

முன்பணத்தின் கடைசிக் கோரத்தையும் சொல்லியாக வேண்டும். செம்மரம் வெட்ட ஆள் தேடியவர்களும் இதே வழியில்தான் மலையேறினார்கள், இன்னும் பெரிய தொகையோடு. 7 ஏப்ரல் 2015 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இருபது பேர் செத்தார்கள். எல்லாரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள்தான் அதில் பெரும்பாலானவர்கள். எங்கள் ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆள் அனுப்பியவர்கள் அந்தக் காட்டில் இல்லை.

இப்போது புதூர்நாட்டுப் பிள்ளைகள் திருப்பூர், ஓசூர், சென்னை என்று போகிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணிக்கையை அவர்கள் கையிலும் எழுதிக் கொடுங்கள். கூலியை வாரா வாரம் முழுசாகக் கொடுங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர விடுங்கள். ஜோடியாக வேலை வாங்குகிற சூளைக்காரர்கள், மனைவி பேரிலும் ஒரு பக்கம் திறந்து அவள் கூலியை அவள் கையிலேயே கொடுங்கள்.