தமிழ் மாற்றுத் திரையில் இஸ்லாமியப் பெண்: இரு பாதிகளும் ஒரு வெற்றிடமும்

திண்டுக்கல்லின் பேகம்பூர் ஒரு பெண்ணால் பெயர் பெற்ற பகுதி. 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லில் பொறுப்பேற்ற ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்கு பெரிய பள்ளிவாசலையொட்டி இருப்பதே இப்பெயருக்குக் காரணம் என்பது ஊர் வழக்கு. அவ்வழக்கு அவர் பெயரையும் உறவையும் காத்துவைத்திருக்கிறது. அவர் சொன்ன ஒரு சொல்லையும் காத்துவைக்கவில்லை. தமிழ்த் திரையில் இஸ்லாமியப் பெண்ணின் இடமும் நெடுங்காலம் இத்தகையதாகவே இருந்தது. யாருடையவள் என்பது தெரியும்; அவள் என்ன நினைக்கிறாள் என்பது தெரியாது.

இலக்கியத்தின் நிலை இதுவன்று. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை 1938-லேயே வெளியிட்டுவிட்டார். வெகுசன சினிமாவோ 'பாவ மன்னிப்பு' (1961) காலத்தில் நல்லிணக்கத்தின் உருவமாக நல்ல பாயைப் படைத்தது. 'ரோஜா' (1992) தொட்டு அந்த இடத்தில் தீவிரவாதியை அமர்த்தியது. 'பம்பாய்' (1995) இஸ்லாமியப் பெண்ணைக் கதாநாயகியாக்கியது உண்மைதான். ஆனால் இந்துக் காதலனோடு வீட்டைவிட்டு வெளியேறிய பிறகே அவளுக்குக் கதை நகர்கிறது. அவள் விட்டுவந்த வீட்டில் தங்கிவிட்ட பெண்களைப் பற்றி அப்படத்துக்கு அக்கறை இல்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்தவை சுயாதீனப் படங்களே. அவற்றுள் முதன்மையாக நாம் கருதுவது தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011) ஆவணப்படம். ஊர் ஜமாத் என்பது தலைக்கட்டுக் கணக்கில் இயங்குவது. தலைக்கட்டு எனில் ஆண். தலாக், மஹர், ஜீவனாம்சம் என்று பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கும் பைசல்கள் பெரும்பாலும் அவள் இல்லாத சபையிலேயே நடந்தன. இதற்கு எதிராகப் புதுக்கோட்டையின் தாவூத் ஷரீஃபா கானம் முன்னின்று 2004-இல் உருவாக்கிய பெண்கள் ஜமாத் 12 மாவட்டங்களுக்குப் பரவியது. அதன் வழக்குகளைத்தான் படம் பின்தொடர்கிறது. இங்கே பெண்கள் இரக்கத்துக்காக முறையிடுவதில்லை. விசாரிக்கிறார்கள், சாட்சியம் கேட்கிறார்கள், மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஆண்களோடு வாதிடுகிறார்கள். பார்க்கப்படுபவள் தீர்ப்புச் சொல்பவளாகிறாள். நம் திரை வரலாற்றில் இது சிறிய திருப்பமன்று.

பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோவின் 'சல்மா' (2013) வேறுவகை. துவரங்குறிச்சியில் பருவமெய்தியதும் வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, மணமான பின்னும் மறைவாகவே கவிதை எழுதிய ஒருவர், 2001-இல் பேரூராட்சித் தலைவரான வரலாறு அது. 2025-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். படம் நெகிழ்விக்கிறது; குடும்பத்தாரின் அன்பையும் கட்டுப்பாட்டையும் ஒருசேரக் காட்டும் நேர்மையும் அதற்கு உண்டு. ஆயினும் அடைபட்ட அறை, தப்பித்த ஒருத்தி என்னும் சட்டகம் அயல்நாட்டுப் பார்வையாளருக்கு முன்பே பழக்கப்பட்டது. தப்பிக்காத, தப்பிக்க விரும்பாத, இருக்கும் இடத்திலேயே நியாயம் கேட்கும் பெண்கள் அச்சட்டகத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

மறுபுறம் அருண் கார்த்திக்கின் 'நசீர்' (2020). திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யைத் தழுவி, ரோட்டர்டாம் விழாவில் நெட்பேக் விருது பெற்ற படம். கோவையில் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவரின் ஒருநாள் வாழ்வு. ஒலிபெருக்கியில் வெறுப்புப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாள் முடிவில் கும்பல் அவரைக் கொல்கிறது. 1997 கலவரத்தையும் 1998 குண்டுவெடிப்பையும் கண்ட நகரம் என்பதை அறிந்த நமக்கு அந்த ஒலி புதிதன்று. ஆனால் மனைவி தாஜ் தொடக்கத்திலேயே ஊருக்குப் பேருந்தேறிவிடுகிறாள். அதன்பின் அவள் கணவனின் ஏக்கமாக, அவன் கடிதத்தில் விளிக்கப்படுபவளாக மட்டும் இருக்கிறாள். மிக மென்மையான, உண்மையான அன்புதான் அது. எனினும் அவளுடைய பதில் நமக்குக் கேட்பதில்லை.

ஆக, ஒரு படத்தில் உள்ளிருக்கும் அநீதி, பெண்ணின் குரலோடு. இன்னொன்றில் வெளியிலிருந்து வரும் வன்முறை, பெண்ணின் குரலின்றி. இப்பிளவு தற்செயலானதல்ல. சமூகம் தாக்கப்படும்போது வீட்டுக் குறையைச் சபையில் சொன்னால் அது எதிரியின் கையில் ஆயுதமாகும் என்ற அச்சம் நியாயமானதே. 1985-இல் ஷா பானு தீர்ப்பும் 1986-இல் வந்த சட்டமும் எழுப்பிய கூச்சலில், ஜீவனாம்சம் கேட்ட ஒரு முதியவளின் தேவை எவ்வளவு விரைவாக மறக்கப்பட்டது என்பதை அறிவோம். ஆனால் அந்த அச்சத்தின் விலையை எப்போதும் பெண்ணே கொடுக்க நேர்கிறது. ஹைதராபாத் கலவரத்தைப் பற்றி 1986-இல் 'க்யா ஹுவா இஸ் ஷெஹர் கோ' எடுத்தவரும் தீபா தன்ராஜ்தான். வெளியிலிருந்து வரும் ஆபத்தை அறிந்த ஒருவரே உள்ளிருக்கும் அநீதியையும் படமாக்கினார் என்பது, இரண்டையும் ஒரே மனம் ஏந்த இயலும் என்பதற்குச் சான்று.

நாம் காத்திருக்கும் படம் இரண்டையும் ஒரே கதைக்குள் ஏந்துவது. பேகம்பூர் போன்றதொரு பகுதியில், தோல் பதனிடும் தொழிலை நம்பிய ஒரு வீட்டிலிருந்து, ஜமாத்துக்கு மனு எழுதிக்கொண்டு ஒரு பெண் கிளம்புகிறாள். ஊர்வல நாளாதலால் தெருவில் போலீஸ் நிற்கிறது. அவளுக்குக் கணவன்மீது கோபம். அவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே என்ற பயமும் உண்டு. இந்த இரண்டில் எதையும் கைவிடும்படி அவளிடம் கேட்காத ஒரு படம் தமிழில் வர வேண்டும்.