ஊர்ப்பெயர் இல்லாத அணிகள்

பெரியகுளத்துக்காரர்களுக்கு மே மாதம் என்றால் மாம்பழமும் கூடைப்பந்தும்தான். மின்விளக்கு வெளிச்சத்தில் நடைபெறும் அந்த அகில இந்தியப் போட்டியைக் காணக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பேருந்து ஏறி வருவார்கள். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், ரயில்வே என்று வந்து ஆடும் அணிகளில் பல, துறைகளின் பெயரையோ நிறுவனங்களின் பெயரையோ தாங்கியவை. ஓர் அணிக்கு ஊர்ப்பெயர் இல்லாதது சிறுவயதில் எனக்கு விந்தையாகத் தோன்றியதில்லை. அணி என்றால் அலுவலகம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தது கால்பந்து. 1996ஆம் ஆண்டு, மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிந்த ஆண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. அப்போது நான் மேல்நிலைப் பள்ளி மாணவன். கிளை நூலகத்தில் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் செய்திகளுக்கடியில் கட்டைவிரல் அகலத்தில் அதன் முடிவுகள் வரும். என்னோடு படித்த நண்பனொருவன் அவற்றை நோட்டில் எழுதி வைப்பான். பள்ளி அணியில் இடதுபுறத்தில் ஆடியவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வங்கி வேலை என்பதே அவன் கனவு.

அந்த லீக் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை இன்று எண்ணிப் பார்க்க வேண்டும். டூரண்ட் கோப்பை 1888இல் தொடங்கியது. இங்கிலாந்தில் கால்பந்து லீக் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கோப்பைக்கும் லீக்குக்கும் நம் நாட்டில் 108 ஆண்டுகள் இடைவெளி. இடையில் ஐ.எஃப்.ஏ. கேடயம், சந்தோஷ் கோப்பை, 1977இல் ஃபெடரேஷன் கோப்பை என்று எல்லாம் இருந்தன. ஆனால் கோப்பைப் போட்டி ஒரு திருவிழா. சில நாட்களில் முடிந்துவிடும். ஒரு நாள் சறுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். லீக் என்பது வேளாண்மை. மாதக்கணக்கில், சொந்த மண்ணிலும் அயல் மண்ணிலும் ஆடி, மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்த பின்னரே விளைச்சல் தெரியும்.

முதல் பருவத்தில் வாகை சூடியது கொல்கத்தா அணியன்று, கோவா அணியுமன்று. பஞ்சாபின் பக்வாராவிலுள்ள ஜே.சி.டி. துணியாலையின் அணி. சுக்விந்தர் சிங் பயிற்சியளித்த அந்த அணியில் அதிக கோல் அடித்தவர், சிக்கிமிலிருந்து வந்த இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் இரண்டாமிடம் பெற்றது. அடுத்த பருவத்தில் மோகன் பகான் வென்றது. அதற்குப் பயிற்சியளித்தவர் மலையாளியான டி.கே. சாத்துண்ணி. 1998-99இல் கோவாவின் சல்காவ்கர். பிறகு மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மாறி மாறி வென்றன.

நண்பனின் நோட்டில் சிவப்பு மையால் எழுதப்பட்ட பெயர் ஒன்றுண்டு: ராமன் விஜயன். தமிழகத்துக்காரர். 1997-98 பருவத்தில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக ஆடி லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். குமுளி மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அவரைத் தேநீர்க்கடைகளில் பேசிக்கொண்டார்கள். இங்கே நூலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். தமிழகத்தின் சார்பில் அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஆடிய அணி சென்னையின் இந்தியன் வங்கி. சபீர் பாஷா போன்ற அருமையான முன்கள வீரர்கள் ஆடிய அணி அது. ஆயினும், கம்பத்திலிருந்த ஒருவன் அதைத் ‘தன் அணி’ என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? வங்கிக்கு வாடிக்கையாளர்கள் உண்டு, ரசிகர்கள் உண்டா?

1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை 1,31,000 பேர் பார்த்தார்கள். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பூட்டியா மூன்று கோல் அடித்தார். அந்தக் கூட்டத்தைத் திரட்டியது ஆட்டத்தின் தரம் மட்டுமன்று. அந்த இரு அணிகளும் மனிதர்களின் பூர்வீகத்தோடு, பேச்சுவழக்கோடு, வீட்டில் சமைக்கும் மீனோடு பிணைந்தவை.

இது இந்தியாவுக்கு மட்டுமான கதையுமன்று. போர் முடிந்து ஒன்றிணைந்த வியட்நாம் 1980இல் தன் தேசியப் போட்டியைத் தொடங்கியபோது முதலில் வென்றது ரயில்வே துறையின் அணி. பின்னர் ராணுவத்தின் அணி, துறைமுகத்தின் அணி. ஜப்பானிலும் நிறுவன அணிகளே இருந்தன. ஆனால் 1993இல் ஜே-லீக் தொடங்கியபோது, அணிகள் ஊரோடு வேர்கொள்ள வேண்டும் என்பதைக் கொள்கையாக வைத்தார்கள். மிட்சுபிஷியின் அணி உராவா என்ற ஊரின் அணியானது. நாம் மூன்றாண்டுகள் கழித்துத் தொடங்கியும் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

விளைவு நாமறிந்ததே. எஃப்.சி. கொச்சின் பணமின்றி 2002இல் கலைந்தது. 2005-06இல் வென்ற மகிந்திரா யுனைடெட் 2010இல் மூடப்பட்டது. முதல் வாகையரான ஜே.சி.டி. 2011இல். லீக்கே 2007இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. ஓர் இயக்குநர் குழு கூடி ஒரு மதியத்தில் கலைத்துவிடக்கூடிய ஒன்றாகவே அணி இருந்தது.

எனினும் நிறுவன அணிகளை இகழ்ந்து பேச எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தந்தவை அவை. கால் முறிந்தாலும் சோறு உண்டு என்ற உறுதி இருந்ததால்தான் பலர் பந்தை உதைத்தார்கள். பிழை அவற்றிடமில்லை. அவை தந்த வேலையை ஊர் தந்திருக்க முடியாது. ஊர் தந்திருக்கக்கூடிய நினைவை அவை தர முடியவில்லை.

என் நண்பனுக்கு வேலை கிடைக்கவில்லை. இப்போது கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறான். 2019 மார்ச் 9 அன்று ஒருநாள் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னைக் கோயம்புத்தூருக்கு இழுத்துச் சென்றான். சென்னை சிட்டி அணியின் கடைசி ஐ-லீக் ஆட்டம், வென்றால் கோப்பை. மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்தது. பெட்ரோ மான்சி சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு. 3-1. முதன்முறையாக ஒரு தமிழக அணி தேசிய லீக்கை வென்றது. பெயரில் சென்னை, ஆடியது கோவையில், கூச்சலிட்டவர்களில் இருவர் கம்பத்துக்காரர்கள். ஒருவரும் ஊர் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “மாப்ள, அந்த நோட்டு இன்னும் வீட்டுல இருக்குடா. இதையும் எழுதி வைக்கணும்.”

அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த அணியும் தேசியப் போட்டியிலிருந்து மறைந்துபோயிற்று. பெரியகுளத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருப்பது எந்த அணியுமல்ல. ஆடுகளமும், அதைச் சுற்றி அமர்ந்த ஊரும்தான். வந்து ஆடுகிறவர்கள் மாறிக்கொண்டேயிருக்கிறார்கள். தேசிய லீக்கின் தொடக்க ஆண்டுகளை எழுதுகிறவர்கள் கோப்பைகளைக் கணக்கிடுவார்கள். அந்த ஆண்டுகளில் பெட்டிச்செய்திகளைப் படித்து, தனக்கென ஓர் அணி இல்லாமலே நோட்டில் குறித்து வைத்தவர்களையும் யாரேனும் கணக்கில் சேர்க்க வேண்டும்.